உட்காருவோம், தோழர்களே!

ஜவுளிக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை, சூப்பர் மார்க்கெட் தோழர்களே!

தீபாவளி நெருங்குகிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவிலும், மதுரை விளக்குத்தூண் பக்கமும், கோவை ஒப்பணக்கார வீதியிலும் கடைகள் கூட்டத்துக்குத் தயாராகின்றன. சரக்கு இறங்கிவிட்டது. எத்தனை பேர், எத்தனை மணிவரை என்று முதலாளிகள் கணக்கும் போட்டாயிற்று. அந்தக் கணக்கில் நம் கால்கள் இல்லை. அவற்றுக்காக நாம்தான் பேச வேண்டும், இப்போதே பேச வேண்டும்!

ஷட்டர் தூக்கியதிலிருந்து இறக்கும்வரை நிற்கிறோம். காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறுவதற்குக் கெண்டைக்கால் தசை அசைந்து தள்ள வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் ரத்தம் தேங்குகிறது; சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தளர்கின்றன. முதலில் மாலையில் பாதம் வீங்குகிறது. பிறகு நரம்பு சுருட்டிப் புடைக்கிறது. முற்றினால் கணுக்கால் தோல் கறுத்து, எளிதில் ஆறாத புண்ணாகிறது. இடுப்புவலியும் முழங்கால்வலியும் குதிகால்வலியும் தனி. சூப்பர்வைசரிடம் பாத்ரூமுக்கு அனுமதி கேட்கக் கூசித் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் தங்கைகளுக்கு நீர்க்கடுப்பு வேறு. "உடம்பு வாகு அப்படி" என்று தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தது போதும். இது நாம் பார்க்கும் வேலை நமக்குத் தந்த நோய்!

உட்காருவது சலுகையா? இல்லை, அது சட்டம். கடைப் பணிப்பெண்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று பிரிட்டனில் 1899-லேயே சட்டம் வந்துவிட்டது. நம் பக்கத்தில், கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் வேலைபார்த்த பெண்கள் 'பெண்கூட்டு' என்று திரண்டு போராடினார்கள். 2018-இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் நம் சட்டமன்றமும் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ பிரிவைச் சேர்த்தது. வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் உட்கார, எல்லாப் பணியாளருக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு.

ஆனால் நடப்பது என்ன? பல கடைகளில் ஸ்டூலே இல்லை. இருக்கிற கடையிலும் அது ஆய்வாளர் கண்ணுக்காகக் கிடக்கிறது. உட்கார்ந்தால் சிசிடிவியில் பார்த்து மைக்கில் பெயரைக் கூப்பிடுகிறார்கள். ஸ்டூல் வாங்க வைப்பது பாதி வேலைதான். அதில் பயமில்லாமல் உட்காருவதுதான் நம் கோரிக்கை!

ஃப்ளோர் மேனேஜர்களே, சூப்பர்வைசர்களே! நீங்களும் எங்களோடு நின்று வளர்ந்தவர்கள்தான். உங்கள் முழங்காலும் வலிக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுந்தவரால்தான் இரவு எட்டு மணிக் கூட்டத்தையும் முகம் கோணாமல் கவனிக்க முடியும். கால் வீங்கி லீவு போடுகிறவரால் உங்கள் விற்பனைதான் குறையும். முதலாளியிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நம் கோரிக்கைகள் இவை:

ஒவ்வொரு கவுன்டரிலும் ஸ்டூல் வேண்டும். உட்கார்ந்ததற்காக அபராதமோ ஏச்சோ கூடாது.

ஒவ்வொரு தளத்திலும் குடிநீர் வேண்டும். கழிப்பறைக்குப் போக யாரிடமும் கெஞ்சும் நிலை கூடாது.

நான்கு மணிநேர வேலைக்குப் பின் ஒரு மணிநேர ஓய்வு, வாரத்தில் ஒருநாள் விடுமுறை என்று சட்டம் சொல்வது பண்டிகைக் காலத்திலும் நடக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஈ.எஸ்.ஐ. பதிவு வேண்டும். நம் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிக்கிறார்கள், நிர்வாகம் 3.25 சதவீதம் கட்ட வேண்டும். கட்டுகிறதா என்று கேளுங்கள். முறையாகக் கட்டியிருந்தால், நோய்க்கு விடுப்பு எடுக்கும் நாட்களில் 70 சதவீதச் சம்பளம் ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும்.

தோழர்களே, தனியாக உட்கார்ந்தவரை வேலையை விட்டு அனுப்பலாம். ஒரு தளமே உட்கார்ந்தால் யாரை அனுப்புவார்கள்? 2023 ஏப்ரலில் 12 மணிநேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறிய பிறகும், தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்ததால் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக அரசு அறிவித்தது. ஒற்றுமைக்கு அந்தப் பலம் உண்டு.

ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள். ஹாஸ்டலிலும் சாப்பாட்டு நேரத்திலும் பேசுங்கள். கடைக்கு ஒரு மனு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்; ஒரு பிரதி நிர்வாகத்துக்கு, ஒரு பிரதி தொழிலாளர் துறையின் உதவி ஆணையருக்கு. ஒப்புகை வாங்காமல் திரும்பாதீர்கள். நேற்று சேர்ந்த தம்பியையும் இருபது வருடம் நின்ற அக்காவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாரையாவது மிரட்டினால் அன்றைக்கே சங்கத்துக்குச் சொல்லுங்கள்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது. தீபாவளிக் கூட்டம் தொடங்கும் முன் ஒவ்வொரு கவுன்டரிலும் ஸ்டூல் வந்தாக வேண்டும். கையெழுத்துப் போடுங்கள், தோழர்களே! சேர்ந்து கேளுங்கள், சேர்ந்தே உட்காருங்கள்!