குழலுக்குச் செலவா, கண்ணுக்குச் செலவா?

எக்கலைக்கும் கருவி வேண்டும். அதனை மறுப்பார் இலர். ஆயினும், கருவியைப் பெருக்குவதே கலையில் வளர்வதற்கு வழி என்னும் மயக்கம் இளைஞர் உள்ளத்தை எளிதிற் பற்றிக்கொள்கின்றது. துடுப்பை மாற்றினால் ஓட்டங்கள் குவியும் என்றும், விலையுயர்ந்த பேனாவினால் எழுதினால் விடை சிறக்கும் என்றும் நம்பும் மாணவரை நாம் நாள்தோறும் காண்கின்றோம். இம்மயக்கத்தை, நம் நாட்டிற் பலரும் அறியாத ஒரு விளையாட்டின் வாயிலாக இவ்வாரம் ஆராய்வோம்.

கனடாவில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எழுதிய மடலில் ஒரு வினாவை விடுத்துள்ளார். பதினாறு வயது நிரம்பிய அவர் மகன் ‘பெயின்ற்போல்’ என்னும் வண்ணக்குண்டு விளையாட்டில் ஈடுபட்டுள்ளான். வாங்கிய கருவியின் விலையினும் இரு மடங்கு பணம் செலவிட்டு, அதற்குப் புதிய உறுப்புக்களைப் பூட்ட வேண்டும் என்கிறானாம். “போரைக் கண்டு வந்தவன் நான். துப்பாக்கி வடிவத்தைக் கண்டாலே உள்ளம் கூசுகின்றது. மகனுக்கு யாது கூறுவேன்?” என்று கேட்கிறார் தந்தை. அவருக்கு எழுதிய விடையின் சாரத்தை நேயர்களுக்கும் தருகின்றேன்.

முதலில் அக்கருவியின் வரலாற்றை அறிதல் நன்று. அது போர்க்களத்திற் பிறந்ததன்று. அமெரிக்காவில் வனத்துறையினர் வெட்டவேண்டிய மரங்களுக்குத் தொலைவிலிருந்தே வண்ணக்குறி இடுவதற்கும், பண்ணையாளர் மந்தையில் மாடுகளை அடையாளமிடுவதற்கும் அது பயன்பட்டது. இன்றும் ஆட்டக்காரர் அதனைத் துப்பாக்கி என்னாது ‘மார்க்கர்’, அதாவது குறியிடும் கருவி என்றே வழங்குவர். 1981ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூ ஹம்சயர் மாநிலத்துக் காடொன்றிற் பன்னிருவர் கூடி, இதனைக் கொண்டு கொடிகளைக் கைப்பற்றும் ஆட்டத்தை முதன்முதலாக ஆடினர்.

அதில் எறியப்படும் குண்டு, மருந்துக் குளிசைக் கூட்டைப் போன்று ஜெலற்றினாற் செய்யப்பட்டது. உள்ளே நீரிற் கரையும் வண்ணக் குழம்பு இருக்கும். விட்டம் ஓர் அங்குலத்தின் நூறில் 68 பங்கு. நிறை ஏறத்தாழ 3 கிராம். ஆடுகளங்களிற் பெரும்பாலும் செக்கனுக்கு 300 அடி, அதாவது ஏறத்தாழ 91 மீற்றர் வேகத்தை மீறல் ஆகாது என்பது விதி. பௌதிகம் பயிலும் மாணவர் இதன் இயக்கச் சக்தியைக் கணித்துப் பார்க்கலாம். 12 யூல் அளவில் வரும். ஒரு கிலோகிராம் நிறையுள்ள கல் நான்கு அடி உயரத்திலிருந்து விழும்போது பெறும் சக்தி இதுவே. தொடையிற் பட்டால் ஒரு கன்றல். கண்ணிற் பட்டாலோ, பார்வையே போய்விடும்.

ஆதலின், முதற் செலவு கருவிக்கன்று, முகக்கவசத்துக்கே உரியது. கண்ணையும் முகத்தையும் செவியையும் மூடுவதும், இவ்விளையாட்டுக்கென வகுத்த தரத்துக்கு அமைந்ததுமான கவசமே வேண்டும். தொழிற்சாலைக் கண்ணாடியும் நீச்சற் கண்ணாடியும் உதவா. இரட்டை வில்லை பொருந்திய கவசத்தில் மூச்சின் ஆவி எளிதிற் படியாது. அதன் பயன் வசதி மட்டுமன்று. கண் மறைத்தலினாலேயே சிறுவர் ஆட்டத்தின் நடுவே கவசத்தைக் கழற்றிவிடுகின்றனர், விபத்தும் அவ்வேளையிலேயே நேர்கின்றது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை.

இரண்டாவது, காற்று. மலிவான முறை காபனீரொட்சைட்டு. அது கொள்கலத்தில் திரவமாக இருந்து, ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சிக் குளிர்கின்றது. விரைந்து பலமுறை எறிந்தால் அமுக்கம் குறைந்து குண்டின் வேகம் தளம்பும். குளிர்நாட்டின் பனிக்காலத்திற் சொல்லவே வேண்டா. சில வேளை திரவமே கருவியினுட் புகுந்து றப்பர் வளையங்களைக் கெடுப்பதும் உண்டு. அமுக்கிய வளிக் கொள்கலத்திலோ சீராக்கி ஒன்று அமுக்கத்தை ஒரே அளவில் வெளிவிடுகின்றது. வேகம் சீரானால் குறியும் சீராகும். ஆகவே இது தகுந்த செலவே. ஆனால், அக்கொள்கலத்தினுள் அமுக்கம் சதுர அங்குலத்துக்கு 3000 அல்லது 4500 இறாத்தல். குறித்த காலந்தோறும் அதனைச் சோதிப்பித்தல் கட்டாயம் என்பதைப் பெற்றோர் மறத்தலாகாது.

மூன்றாவது, குழல். நீண்ட குழல் நெடுந்தூரம் எறியும் என்பது இளைஞர் நம்பிக்கை. ஒரே நிறையும் ஒரே பருமனும் உடைய குண்டுகள் ஒரே வேகத்துடன் ஒரே கோணத்திற் புறப்பட்டால், நூறு டொலர்க் கருவியிலிருந்து வந்ததாயினும் ஆயிரம் டொலர்க் கருவியிலிருந்து வந்ததாயினும் ஒரே தூரமே செல்லும். வேக எல்லை அனைவர்க்கும் ஒன்றாதலின், தூரத்தைக் கடையில் வாங்க இயலாது. குண்டுக்குப் பின்சுழற்சி தரும் தனிவகைக் குழல்கள் மட்டும் இதற்கு விலக்கு. ஏனைய குழல்களிற் பன்னிரண்டு, பதினான்கு அங்குல நீளம் போதியது. நோக்கவேண்டியது உள்விட்டமே. குண்டைக் குழலினுள் இட்டுப் பாருங்கள். தானே உருண்டு வெளியேறினால் குழல் அகலமானது; வாயால் ஊதியும் நகராவிடின் ஒடுக்கமானது; தங்கி நின்று, ஊதியவுடன் வெளிப்படுமாயின் பொருத்தம் சரி. இப்பொருத்தம் தவறினால் வளி பக்கங்களிற் கசிந்து, வேகம் குண்டுக்குக் குண்டு மாறுபடும்.

குண்டும் கவனிக்கத்தக்கது. ஜெலற்றின் ஈரத்தை உறிஞ்சி வீங்கும். பழையதாயின் வடிவம் கெடும். வீங்கிய குண்டை எறியும் உயர்ந்த குழலினும், புதிய உருண்டைக் குண்டை எறியும் எளிய குழலே மேல். பலர் குழலைப் பழித்துக்கொண்டு மலிவான குண்டுகளை வாங்குகின்றனர். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்!

இனி, விசையை மின்முறைக்கு மாற்றுவதும், அதற்கு ஈடுகொடுக்கும் மின்கல ஊட்டியைப் பூட்டுவதும் பற்றி ஒரு கணக்கு. பெட்டியொன்றில் 2000 குண்டுகள் உள்ளன என்க. செக்கனுக்குப் பத்து வீதம் எறிந்தால் 200 செக்கனில், அதாவது மூன்று நிமிடம் இருபது செக்கனிற் பெட்டி காலி. இச்செலவு ஒருமுறைக்குரியதன்று, ஒவ்வொரு ஞாயிறும் தொடர்வது. ஓர் உறுப்பின் விலை கடைச்சீட்டில் முடிந்துவிடுவதில்லை. அது பின்னர் வேண்டும் தீனியையும் சேர்த்தே மதிப்பிடுதல் வேண்டும். போட்டியாட்டத்துக்குச் செல்லாத சிறுவனுக்கு இது தேவையற்றது.

பொய்த் தொலைநோக்கி, பொய் ஒலியடக்கி, படைவீரர் ஆயுதம் போன்று தோற்றம் தரும் உறைகள் ஆகியவை பாரத்தைக் கூட்டுவனவேயன்றிப் பயனைக் கூட்டுவன அல்ல. அவற்றில் ஆபத்தும் உண்டு. உண்மை ஆயுதம் என வழியில் எவரேனும் மயங்கினால் விளைவு யாதாகும்? ஆடுகளத்துக்கு வெளியே கருவி பைக்குள்ளும், குழல்வாய் மூடியினுள்ளும் இருத்தல் வேண்டும். உள்ளம் கூசும் தந்தை இவற்றை மறுப்பதற்குத் தயங்கவேண்டா; ஈண்டு அவர் உணர்ச்சியும் அறிவும் ஒரே பக்கம் நிற்கின்றன.

விளையாட்டையே தடுக்கலாமோ எனின், நான் தடுக்கமாட்டேன். வண்ணம் பட்டவன் தானே கையை உயர்த்திக் களத்தை விட்டு வெளியேறவேண்டும் என்பது இவ்வாட்டத்தின் விதி. மரங்களின் இடையே நடுவர் எங்கணும் நோக்க இயலாது. எவரும் காணாதபோது கறையைத் துடைத்துவிட்டுத் தொடர்ந்து ஆடுவோரும் உளர். கையை உயர்த்துவோரும் உளர். மகன் எவ்வகையினன் என்பதைத் தந்தை கேட்டறிதல் நன்று. எக்கடையிலும் விற்கப்படாத உறுப்பு அது.

ஆகவே, எதனை வாங்க முற்படினும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இது பாதுகாப்பைக் கூட்டுமா? இப்போதுள்ள குறையொன்றைத் தீர்க்குமா? தொடர்ந்து வரும் செலவைத் தாங்க இயலுமா? முதல் வினாவுக்கு ஆம் எனில் உடனே வாங்கலாம். இல்லையெனில், ஏனைய இரண்டுக்கும் ஆம் என்னும் விடை கிடைக்கும்வரை பணம் பெட்டியில் இருக்கட்டும்.

1981இல் நிகழ்ந்த அம்முதலாட்டத்தின் முடிவையும் இளைஞர் அறிதல் வேண்டும். பன்னிருவருள் வென்றவர் காட்டைத் தொழிலாகக் கொண்டு வாழ்ந்த ஒருவர். மரங்களின் மறைவறிந்து ஓசையின்றி நடந்து கொடிகள் யாவற்றையும் சேர்த்து வந்த அவர், அன்று ஒரு குண்டேனும் எறிந்திலர்.