மரியாதைக்காக வைத்த பேராம்!

செத்த பிறகும் தீட்டுப் பார்த்த ஒருவனைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பேர் ஜார்ஜ் பிரெஸ்டன் மார்ஷல். துணி வெளுத்துக் கொடுக்கும் கடைகளை வைத்துப் பணம் பண்ணினவன். வாஷிங்டன் நகரத்து அமெரிக்கக் கால்பந்து அணிக்குச் சொந்தக்காரன். 1969-ல் செத்தான். குழந்தைகள் நலனுக்கென்று சொத்தை எழுதி வைத்தான். நல்ல காரியம்தானே? உயிலில் ஒரு நிபந்தனை போட்டிருந்தான். வெள்ளையரும் கறுப்பரும் சேர்ந்திருப்பதை ஆதரிக்கிற எந்தக் காரியத்துக்கும் இந்தப் பணம் போகக் கூடாது. பிள்ளைகளுக்குப் பால் ஊத்தும்போதும் தம்ளரைத் தனியாப் பிரிச்சு வைக்கிற புத்தி.

இந்த ஆள் வைத்த பேரைத்தான் 87 வருஷமாக 'மரியாதைக்காக வைத்த பேர்' என்று சொல்லிக்கொண்டு இருந்தார்கள். அந்தப் பேர் ரெட்ஸ்கின்ஸ். செந்தோல்காரர்கள் என்று அர்த்தம்.

அமெரிக்கக் கால்பந்து நம்ம ஊர் கால்பந்து இல்லை. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு, குறுக்கே வருகிறவனை இடித்துத் தள்ளி ஓடுகிற ஆட்டம். மார்ஷலின் அணி 1932-ல் பாஸ்டன் நகரத்தில் பிறந்தபோது அதற்கு 'பிரேவ்ஸ்' என்று பேர். அதே பேரில் அங்கே ஒரு பேஸ்பால் அணியும் இருந்தது. 1933-ல் ரெட்ஸ்கின்ஸ் ஆனது. பூர்வகுடிக்காரரான பயிற்சியாளரைக் கௌரவிக்கத்தான் அந்தப் பேர் என்று பின்னால் ஒரு கதை கட்டினார்கள். மார்ஷலே அதே வருஷம் பத்திரிகைக்காரர்களிடம், பயிற்சியாளருக்காக மாற்றவில்லை, பேஸ்பால் அணியோடு குழம்பாமல் இருக்கத்தான் மாற்றினேன் என்று சொல்லிவிட்டான். அந்தப் பயிற்சியாளர் உண்மையில் பூர்வகுடிதானா என்பதே இன்னும் தீராத வழக்கு. மரியாதை எங்கேய்யா இருக்கு இதில?

1863-ல் மின்னசோட்டா மாநிலத்தின் வினோனா ஊர்ப் பத்திரிகை ஒரு செய்தி போட்டது. பூர்வகுடிகளைக் கொன்று வந்தால் அரசு தரும் வெகுமதி தலைக்கு 200 டாலராக உயர்ந்திருக்கிறதாம். அந்தச் செய்தியில் கொல்லப்பட வேண்டியவர்களுக்கு வைத்த பேரும் இதே செந்தோல்தான். அவனைக் குறை சொல்கிற நாமும் பள்ளிக்கூடத்துப் பாடத்தில் 'செவ்விந்தியர்' என்று மனப்பாடம் பண்ணினவர்கள்தான். அவர்கள் இந்தியரும் இல்லை, சிவப்பும் இல்லை. லக்கோட்டா, நவஹோ, ஷையன் என்று ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனிப் பேர் இருக்கிறது.

1937-ல் அணி வாஷிங்டனுக்கு வந்தது. வந்த வருஷமே சாம்பியன். 1942-ல் மறுபடி சாம்பியன். 1945 இறுதி ஆட்டத்தில் கிளீவ்லாந்து ராம்ஸ் அணியிடம் 15-க்கு 14 என்று ஒரே புள்ளியில் தோற்றது. அந்த ராம்ஸ் அணி அடுத்த வருஷம் லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மைதானம் மக்கள் வரிப்பணத்தில் கட்டினது. கறுப்பரைச் சேர்க்காதவனுக்கு மைதானம் எதற்கு என்று கறுப்பர் பத்திரிகைக்காரர்கள் மல்லுக்கு நின்றார்கள். கென்னி வாஷிங்டனும் வூடி ஸ்ட்ரோடும் உள்ளே வந்தார்கள். 1934-லிருந்து கறுப்பர் ஒருவர்கூட இல்லாத லீகில் கதவு திறந்தது. மற்ற அணிகளும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டன.

மார்ஷல் சேர்க்கவில்லை. தென்மாநிலத்து வெள்ளையர்கள்தான் அவனுடைய வாடிக்கை. அங்கேயுள்ள வானொலி, தொலைக்காட்சிகளுக்கு ஆட்டத்தை விற்றுக் காசு பார்த்தான். வாஷிங்டன் ஜனத்தொகையில் 1960-லேயே பாதிக்கு மேல் கறுப்பர். களத்தில் ஒருவர் இல்லை. 1945-க்குப் பிறகு 1971 வரைக்கும் அந்த அணி இறுதிச் சுற்றுகளை எட்டிப் பார்க்கவில்லை. 1961 சீசனில் 14 ஆட்டம். ஒரு வெற்றி, 12 தோல்வி, ஒன்று சமன். தோத்தாலும் பரவாயில்ல, தொடமாட்டேன் என்று உட்கார்ந்திருந்தான் மனுஷன்.

அவன் மனசு மாறி கறுப்பர் உள்ளே வரவில்லை. புது மைதானம் மத்திய அரசின் நிலத்தில் எழும்பிக்கொண்டிருந்தது. கென்னடி அரசில் அரசு நிலங்களைப் பார்த்துக்கொண்ட உள்துறைச் செயலர் ஸ்டூவர்ட் யூடால் 1961-ல் கடிதம் எழுதினார்: வேலை கொடுப்பதில் நிறம் பார்த்தால் இந்த மைதானத்தில் ஆட முடியாது. அவ்வளவுதான், கொள்கைக் குன்று இறங்கி வந்தது. 1962-ல் பாபி மிட்செல் வந்தார். முதல் சீசனிலேயே 72 பந்துகளைப் பிடித்து 1,384 கெஜம் ஓடி, பந்து பிடிப்பதில் லீகிலேயே முதல் ஆளாக நின்றார். அணி 5 ஆட்டம் ஜெயித்தது. பிறகு பல வருஷம் அதே அணியின் நிர்வாகத்தில் இருந்தார். பொது மேலாளர் நாற்காலி மட்டும் கடைசிவரை அவருக்கு வரவில்லை.

1988 ஜனவரியில் டக் வில்லியம்ஸ். யாருக்கு, எப்போது, எங்கே எறிவது என்று முடிவெடுக்கிற குவார்ட்டர்பேக் இடத்தில் கறுப்பர் நிற்க மூளை போதாது என்பது வெள்ளையரின் பழைய சாஸ்திரம். சூப்பர் பவுல் இறுதி ஆட்டத்தில் இரண்டாம் கால்பகுதியில் மட்டும் அவருடைய அணி 35 புள்ளி எடுத்தது. டென்வரை 42-10 என்று வீழ்த்தியது. சூப்பர் பவுலை வென்ற முதல் கறுப்பு குவார்ட்டர்பேக். நமக்கும் நெஞ்சு நிமிர்கிறது. அவர் தலைக்கவசத்தில் இருந்தது என்ன? இறகு சூடிய ஒரு பூர்வகுடியின் தலை. ஒருத்தன் ஏறி வந்த படியில் இன்னொருத்தன் தலை கிடக்குது. இழிவைப் படிப்படியா அடுக்கி வைக்கிற வித்தை நமக்குத் தெரியாததா?

1992 ஜனவரியில் அதே மின்னசோட்டாவின் மினியாபொலிஸில் அணி மறுபடி சூப்பர் பவுல் வென்றது. உள்ளே கொண்டாட்டம். வெளியே பனியில் ஆயிரக்கணக்கான பூர்வகுடிகள் நின்று முழக்கம் போட்டார்கள். அந்த வருஷமே சூசன் ஷோன் ஹார்ஜோவும் தோழர்களும் அந்தப் பேருக்கான வணிகச் சின்னப் பதிவை எதிர்த்து மனுப் போட்டார்கள். 1999-ல் ஜெயித்தார்கள், 2003-ல் நீதிமன்றம் அதைத் தள்ளியது. 2006-ல் நவஹோ பெண் அமண்டா பிளாக்ஹார்ஸ் தலைமையில் இளையவர்கள் மறுபடி மனுப் போட்டார்கள். 2014-ல் ஜெயித்தார்கள். 2017-ல் வேறொரு வழக்கில் உச்சநீதிமன்றம், இழிவான பேர் என்று சொல்லிப் பதிவை மறுக்கிற சட்டப்பிரிவே செல்லாது என்றது. 25 வருஷப் போராட்டம் காகிதத்தில் கரைந்தது.

எதிர்த்தரப்புக்கும் வாதம் உண்டு, மறைக்க வேண்டாம். 2016-ல் வாஷிங்டன் போஸ்ட் 504 பூர்வகுடிகளைக் கேட்டது. பத்தில் ஒன்பது பேர் புண்படவில்லை என்றார்கள். அந்தச் சின்னத்தைக் கொண்டுவந்ததே பிளாக்ஃபீட் இனத் தலைவர் வால்டர் வெட்ஸல்தான். சரி. அவர் கொடுத்தது தம் மக்களின் முகம். அதற்குக் கீழே எழுதியிருந்தது மார்ஷலின் சொல். பழகிப்போன வசவு வலிக்காது என்பதால் அது வாழ்த்தாகிவிடுமா? நம்மையும் ஒரு காலத்தில் கடவுளின் பிள்ளைகள் என்று கூப்பிட்டு மரியாதை பண்ணினார்கள். யாரைக் கேட்டு வைத்தாய் என்பதுதான் அம்பேத்கர் காலத்திலிருந்து நம் கேள்வி.

கடைசியில் பேரைக் கழற்றியது யார்? 2020-ல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப் பிறகு தெருவெல்லாம் எரிந்தது. மைதானத்துக்குத் தன் பேரை வைக்கக் காசு கொடுத்த ஃபெடெக்ஸ் பேரை மாற்று என்றது. நைக்கி சரக்கைக் கடையிலிருந்து எடுத்தது. ஒருபோதும் மாற்றமாட்டேன் என்று 2013-ல் சொன்ன முதலாளி டேன் ஸ்னைடர், ஜூலை 13-ல் மாற்றினார். பூர்வகுடிகளின் ஐம்பது வருஷக் குரல் கேட்காத காது, காசு நகரும் சத்தத்தை இரண்டு வாரத்தில் கேட்டது. 1999-ல் 80 கோடி டாலருக்கு வாங்கிய அணியை 2023-ல் 605 கோடிக்கு விற்றார். நஷ்டம் ஒண்ணுமில்ல.

2022-லிருந்து அணியின் பேர் கமாண்டர்ஸ். 2023-ல் 4 வெற்றி, 13 தோல்வி. 2024-ல் 12 வெற்றி, 5 தோல்வி. சூப்பர் பவுலுக்கு ஒரே ஆட்டம் பாக்கி என்கிற இடம்வரை போனது. ராசி எந்தத் தோலிலும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை.

இப்போது பழைய மைதானம் இருந்த அதே நிலத்தில் புது மைதானம் வரப்போகிறது. 2025 ஜூலையில் அமெரிக்க அதிபர் டிரம்ப் சொன்னார்: பழைய பேரைத் திரும்ப வை, இல்லாவிட்டால் மைதானத்துக்கு முட்டுக்கட்டை போடுவேன். செப்டம்பரில் நகரமன்றம் ஒப்புதல் கொடுத்துவிட்டது, பேரும் மாறவில்லை. ஆனாலும் அந்தப் பேச்சை அலட்சியமாக விடாதீர்கள். 1961-ல் அந்த மண்ணைக் காட்டித்தான் மிட்செலுக்குக் கதவைத் திறந்தார்கள். 2025-ல் அதே மண்ணைக் காட்டி ஒரு வசவுச் சொல்லைத் திரும்பக் கொண்டுவரப் பார்த்தார்கள். மண் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் பேர் வைக்கிறான். அந்த மண்ணே பூர்வகுடிகளிடமிருந்து பிடுங்கியது. மரியாதை பண்ண வேண்டுமென்றால் அங்கிருந்து ஆரம்பிக்கட்டும்.