அம்மா தாராளமா போகலாம், அந்த லிஸ்ட்தான் போகக் கூடாது

1/
போன வாரம் கிளினிக்கில் ஒரு தம்பி போனை நீட்டினார். "டாக்டர், மே மாசம் சிங்கப்பூர், மலேசியா, பாங்காக் போறோம். மொத்தம் எட்டு நாள். அம்மாவும் வர்றாங்க. போகலாமா?"

அம்மாவுக்கு 66 வயசு. 15 வருஷமா சுகர், கூடவே பிபி, ரெண்டு முட்டியிலும் வலி. மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுறவங்க. கடைசியா எடுத்த ரிப்போர்ட்டும் நல்லாத்தான் இருந்தது.

போனில் இருந்த டூர் திட்டத்தைப் படிச்சேன். மூணு நாடு, எட்டு நாள், 23 இடம்.

"அம்மா தாராளமா போகலாம் தம்பி. இந்த லிஸ்ட்தான் போகக் கூடாது"ன்னு சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன்னு விளக்கத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதலில் ஒண்ணு தெளிவா சொல்லிடறேன். வயசானவங்க வெளிநாடு போகக் கூடாதுன்னு நான் சொல்லவே மாட்டேன். வாழ்நாள் முழுக்க நமக்காக ஓடினவங்க. விமானம் ஏறணும், கடல் தாண்டி ஒரு ஊரைப் பார்க்கணும்னு அவங்களுக்கும் ஆசை இருக்கும். சுகர், பிபி கட்டுப்பாட்டில் இருந்தா பெரும்பாலும் தடையே இல்லை.

என் கருத்து ஒண்ணே ஒண்ணுதான். இந்த டூர் திட்டங்கள் 30 வயசு காலுக்குப் போட்டது. அதே திட்டத்தில் 66 வயசு காலையும் சேர்த்துக் கட்டி இழுக்கிறோம். பெற்றோர் கூட வந்தா, பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைப் பாதியா வெட்டுங்க.

3/
முதல் நாளையே எடுத்துக்குங்க. சென்னையில் நடுராத்திரி விமானம். தூக்கம் கிடையாது. சிங்கப்பூரில் காலை 6 மணிக்கு இறங்குவீங்க. நம்ம உடம்புக்கு அப்போ மணி மூன்றரை. ஹோட்டல் அறை மதியம் 2 மணி, 3 மணிக்குத்தான் கிடைக்கும். அதுவரை என்ன பண்றது? "சிட்டி டூர்."

தூங்காத உடம்பு, வெறும் வயிறு, சுளீர்னு வெயில், காற்றில் அவ்வளவு ஈரப்பதம். மெர்லயன் சிலை முன்னாடி போட்டோவில் அம்மா முகம் வாடியிருக்கும். "வெயில்ல அப்படித் தெரியுது"ன்னு நினைப்போம்.

கொஞ்சம் கூடுதல் காசு ஆனாலும் பகல் விமானம் பாருங்க. முடியலைன்னா அறையை முன்கூட்டியே தரச் சொல்லி ஹோட்டலில் கேளுங்க. முதல் நாள் எந்த இடமும் வேண்டாம். தூக்கம் மட்டும் போதும்.

4/
அடுத்தது தண்ணீர். இது நம்ம வீட்டுப் பெண்களின் பிரச்சினை. "பஸ்ல போறப்ப பாத்ரூம் வந்தா என்ன பண்றது"ன்னு காலையிலிருந்து தண்ணியே குடிக்க மாட்டாங்க. பிபிக்காக நீர் மாத்திரை சாப்பிடுறவங்களா இருந்தா அதையும் சொல்லாமல் நிறுத்திடுவாங்க. இல்லைன்னா மாத்திரையைப் போட்டுட்டு தண்ணியை நிறுத்துவாங்க. ரெண்டுமே ஆபத்து. தலைசுற்றி விழுறது, சிறுநீர்த் தொற்று, கிட்னிக்குப் பாதிப்பு எல்லாம் இதிலிருந்து வரும்.

"தண்ணி குடிம்மா"ன்னு சொன்னா மட்டும் பத்தாது. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாத்ரூம் இருக்கிற இடத்தில் நிறுத்துற மாதிரி திட்டம் போடுங்க. பாத்ரூம் கிடைக்கும்னு தெரிஞ்சா அவங்களே குடிப்பாங்க.

5/
சுகர் மாத்திரை. வீட்டில் 8 மணிக்கு மாத்திரை, எட்டேகாலுக்கு இட்லி. டூரில் 7 மணிக்கு மாத்திரையைப் போட்டுட்டு பஸ்ஸில் ஏறுவாங்க. ஹோட்டல் டிபன் பிடிக்கலைன்னு ரெண்டு துண்டு பழத்தோட எழுந்திருப்பாங்க. அப்புறம் நாலு கிலோமீட்டர் நடை. கிளிமிபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவங்களுக்கு சுகர் கிடுகிடுன்னு இறங்க இது போதும்.

கை நடுக்கம், வியர்வை, சம்பந்தமில்லாத பேச்சு, திடீர்க் கோபம் இதெல்லாம் தாழ்சர்க்கரையா இருக்கலாம். உடனே மூணு டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணியில் கலந்து கொடுங்க. 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. மயங்கிட்டாங்கன்னா வாயில் எதையும் ஊற்றாதீங்க, ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க.

6/
இப்போ நான் மறக்க முடியாத ஒரு கேஸ். சில வருஷம் முன்னாடி ஒரு பெரியவர் வெளிநாட்டு டூர் முடிச்சுட்டு வந்தார். ரெண்டு உள்ளங்காலிலும் கொப்புளம் உடைஞ்சு சீழ் வெச்சிருந்தது.

நடந்தது இதுதான். மதியம் ஒரு மணி. ஒரு கோயிலின் கல் முற்றம். செருப்பைக் கழட்டிட்டுப் பத்து நிமிஷம் நடந்திருக்கார். கூட வந்தவங்க சுடுதுன்னு குதிச்சு ஓடியிருக்காங்க. இவர் நிதானமா நடந்திருக்கார். சுகரால கால் மரத்துப்போனதால சூடே தெரியலை. ராத்திரி மகள்தான் கொப்புளத்தைப் பார்த்திருக்கா. மறுநாள் காலை அடுத்த ஊருக்குப் பஸ். ஆயின்மென்ட் தடவிட்டு மிச்ச இடங்களையும் பார்த்து முடிச்சிருக்காங்க. ஊருக்கு வந்து என்கிட்ட காட்டினப்போ அஞ்சு நாள் ஆயிருந்தது. ஒரு விரலை எடுக்க வேண்டியதாப் போச்சு.

வலி இல்லைங்கிறது நல்ல செய்தி இல்லைங்க. சுகர் உள்ளவங்களுக்கு அதுதான் கெட்ட செய்தி.

7/
அதனால கோலாலம்பூர் பத்துமலையைப் பற்றித் தனியா சொல்றேன். நம்ம ஆட்கள் யாரும் விடாத இடம். 2006ல் திறந்த 140 அடி முருகன் சிலை, பின்னாடி வண்ணம் பூசின 272 படி. படியைப் பார்த்ததும் அம்மாவுக்கு பக்தி வந்துடும். முட்டி வலி மறந்துடும். பல பேர் கீழேயே செருப்பைக் கழட்டிடுவாங்க.

முருகனை அடிவாரத்தில் நின்னே முழுசா கும்பிடலாம். கீழேயும் சன்னதிகள் இருக்கு. படி ஏறியே தீரணும்னா காலையில் சீக்கிரம் போங்க, உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுங்க. ஏறும்போது அளவுக்கு மீறி மூச்சு வாங்கினா, வியர்த்துக் கொட்டினா, தாடையோ தோளோ வலிச்சா அங்கேயே நிறுத்துங்க, உடனே உதவி கேளுங்க. சுகர் உள்ளவங்களுக்கு நெஞ்சு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரும்.

இன்னொண்ணு, அங்கே குரங்குகள் ஜாஸ்தி. தேங்காய், பழம், பாலிதீன் பையைக் கையில் வெச்சுக்காதீங்க. கடிச்சாலோ பிறாண்டினாலோ சோப்பு போட்டு ஓடுற தண்ணியில் 15 நிமிஷம் கழுவுங்க. அன்னைக்கே டாக்டரைப் பார்த்து ரேபிஸ் தடுப்பூசி பற்றிக் கேளுங்க. "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்" கூடவே கூடாது.

8/
பாங்காக். 1782ல் கட்டத் தொடங்கின கிராண்ட் பேலஸ் கட்டாயம் பார்க்க வேண்டியதுதான். ஆனா பெரும்பகுதி திறந்தவெளி. காலை எட்டரைக்குத் திறக்கும்போதே உள்ளே போயிடுங்க. வாட் போவில் 46 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தர் கூரைக்குள்ளே இருக்கார். அங்கே நிதானமா நிற்கலாம். எதிர்க்கரை வாட் அருண் படிகள் ரொம்பச் செங்குத்து. அதைப் படகிலிருந்தே பாருங்க. சாவோ பிரயா ஆற்றில் ஊர்க்காரங்க தினம் போற படகில் ஏறி உட்கார்ந்தா, சில்லறைக் காசில் பாதி பாங்காக்கைப் பார்த்துடலாம்.

தாய் மசாஜ் ஆசை இருக்கும். எலும்புத் தேய்மானம், காலில் ரத்தக்கட்டு, கழுத்து எலும்புப் பிரச்சினை இருக்கிறவங்களுக்கு வேண்டாம். கால் மரத்துப்போனவங்க சுடுதண்ணியில் பாதத்தை வைக்கக் கூடாது.

9/
சிங்கப்பூர். வயசானவங்களுக்கு இதைவிட வசதியான வெளிநாட்டு ஊர் எனக்குத் தெரிஞ்சு குறைவு. ரயில் நிலையங்களில் லிப்ட், பஸ்ஸில் வீல் சேர் ஏற்றச் சாய்தளம், பல இடத்தில் உட்கார நிழல். பெயர்ப் பலகையில் தமிழைப் பார்த்தா அம்மா முகத்தில் வர்ற சந்தோஷமே தனி.

நான் போடுற திட்டம் இப்படி:

காலை: பொட்டானிக் கார்டன். 1859ல் உருவானது, 2015ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. காலை 5 மணிக்கே திறந்துடும், நுழைவு இலவசம். வெயில் ஏறுறதுக்குள்ளே நடந்துட்டு வந்துடலாம்.

மதியம்: தேக்கா பக்கம் சாப்பாடு. அப்புறம் அறைக்குத் திரும்பி ரெண்டு மணி நேரம் தூக்கம். இதில் சமரசமே வேண்டாம்.

சாயங்காலம்: கார்டன்ஸ் பை தி பே. குளிரூட்டின கண்ணாடிக் கூடாரத்துக்கு மட்டும் டிக்கெட். ராட்சத மரங்களுக்குக் கீழே நடக்கும் ஒளி, இசை நிகழ்ச்சி இலவசம்.

இன்னொரு நாள் ஆற்றில் படகு. இன்னொரு ராத்திரி நைட் சஃபாரி, டிராமில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். கிளம்புற நாள் விமான நிலையத்திலேயே ஜுவல் அருவி, 40 மீட்டர் உயரத்திலிருந்து கொட்டுறதை உட்கார்ந்து பார்க்கலாம்.

ஒரு நாளைக்கு காலையில் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அவ்வளவுதான்.

10/
"இவ்வளவு காசு கொட்டிட்டு அறையில் தூங்கவா போறோம்?" இந்தக் கேள்வி வரும்னு தெரியும். நியாயமான கேள்வி. நடுத்தரக் குடும்பத்துக்கு இது வருஷக்கணக்கில் சேர்த்த காசு. மறுபடி எப்போ போவோம்னு தெரியாது.

ஆனா கணக்கைச் சரியா போடுங்க. 23 இடம் பார்த்து, அதில் 15 இடத்தில் அம்மா பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தா அவங்க பார்த்தது எட்டுதான். அந்த எட்டை முதலிலேயே அவங்களையே தேர்ந்தெடுக்க விட்டிருக்கலாமே?

உங்க குழந்தைங்களுக்கு யுனிவர்சல் ஸ்டுடியோ வேணுமா, கூட்டிட்டுப் போங்க. அன்னைக்கு ஒருத்தர் மட்டும் பெரியவங்களோட இருங்க. குடும்பமா போனா எல்லாரும் எல்லா இடத்துக்கும் போகணும்னு சட்டமில்லை. இதய நோயாளிகள் ஏறக் கூடாதுன்னு எச்சரிக்கை போட்டிருக்கும் ராட்டினத்துக்கு வெளியே, தாத்தா மூணு மணி நேரம் எல்லார் பையையும் காவல் காக்கிறது சுற்றுலா இல்லைங்க.

11/
இதில் கஷ்டமான விஷயம், அவங்க வாயைத் திறக்க மாட்டாங்க. "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, நீங்க பாருங்க"ன்னுதான் சொல்வாங்க. பையன் காசு செலவு பண்ணியிருக்கான், நம்மால கெடக் கூடாதுங்கிற எண்ணம். என் முன்னாடி உட்கார்ந்திருந்த அந்த அம்மாவும் அப்படித்தான் தலையாட்டினாங்க. தம்பி மருந்து வாங்க வெளியே போனதும் மெதுவா கேட்டாங்க: "டாக்டர், ஒரு நாளாவது ரூம்லயே இருக்க விடுவாங்களா?"

அதனால "முடியுமாம்மா"ன்னு கேட்காதீங்க. முடியும்னுதான் பதில் வரும். நீங்களே ஓய்வைத் திட்டத்தில் எழுதிடுங்க. "எனக்கும் கால் வலிக்குது, உட்காரலாம்"னு நீங்க முதலில் சொல்லுங்க. விமான நிலைய வீல் சேரையும் டிக்கெட் போடும்போதே கேட்டுடுங்க. முதலில் கோவிச்சுப்பாங்க, அப்புறம் சமாதானம் ஆயிடுவாங்க.

12/
கிளம்பும் முன் இதையெல்லாம் முடிச்சிடுங்க:

✅ ஒரு மாசம் முன்னாடி டாக்டரைப் பாருங்க. பாதத்தில் உணர்ச்சி இருக்கான்னு டெஸ்ட் பண்ணச் சொல்லுங்க. நேர வித்தியாசத்துக்கு மாத்திரை, இன்சுலின் நேரத்தைக் கேட்டுக்குங்க.
✅ மருந்து, இன்சுலின், குளுக்கோமீட்டர் எல்லாம் கைப்பையில். சரக்குப் பெட்டியில் இன்சுலின் உறைஞ்சு கெட்டுப் போகலாம். ரெண்டு நாள் மருந்து கூடுதலா இருக்கட்டும்.
✅ ஆங்கிலத்தில் மருந்துச் சீட்டு. தூக்க மாத்திரை, சில இருமல் மருந்துகளுக்குச் சிங்கப்பூரில் முன் அனுமதி வாங்க வேண்டியிருக்கலாம். அரசு இணையதளத்தில் பார்த்துக்குங்க.
✅ பயணக் காப்பீடு. சுகர், பிபியை மறைக்காமல் எழுதுங்க. மறைச்சா தேவைப்படும்போது பணம் வராது.
✅ பழகின செருப்பு, கோயிலுக்கு கனமான சாக்ஸ். தினம் ராத்திரி உள்ளங்காலை நீங்களே பாருங்க.
✅ அவசர எண்: சிங்கப்பூர் 995, மலேசியா 999, தாய்லாந்து 1669.

13/
அந்தத் தம்பி நேற்று போன் பண்ணினார். பாங்காக்கை எடுத்துட்டாராம். பகல் விமானமா மாற்றிட்டாராம். பத்துமலை மட்டும் அம்மா விட மாட்டேங்கிறாங்களாம்.

"போகட்டும் தம்பி. காலையில் சீக்கிரம் போங்க. எத்தனை படி ஏறணும்னு அவங்க முட்டி சொல்லட்டும். அங்கிருந்தே கும்பிட்டா போதும்"னு சொன்னேன்.

இந்த லீவுக்கு அப்பா அம்மாவைக் கூட்டிட்டுப் போற நண்பர் யாராவது இருந்தா, டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே இதை அனுப்பி வைங்க. நல்லபடியா போயிட்டு நல்லபடியா வாங்க.