முதியோர் பரிசோதனையில் இயங்குதிறனையும் பார்க்க வேண்டும்: எங்கள் நிலைப்பாடு

60 வயதைக் கடந்த ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு ஒருமுறை இயங்குதிறன் பரிசோதனை நடக்க வேண்டும் என்பதே முதியோர் நலனுக்காகச் செயல்படும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. தமிழ்நாட்டில் 2021 முதல் வீடு தேடிச் செல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இதற்கு ஏற்ற வழி.

பிரஷரும் சுகரும் கட்டுக்குள் இருக்கும் ஒருவரால் கையூன்றாமல் நாற்காலியை விட்டு எழ முடியாமல் போகலாம். மருந்துச் சீட்டில் அது தெரியாது. வீட்டாரும் ‘வயசானா அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் தள்ளாமை, வரப்போகும் ஆபத்துக்கு முன்னறிவிப்பு. ஒன்பது ஆய்வுகளில் பங்கேற்ற 34,485 முதியோரின் தரவுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான ஆய்வில், நடைவேகம் கூடக்கூட உயிர்வாழும் வாய்ப்பும் கூடுதலாக இருந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் 2019 கையேடு, இயங்குதிறனை அறிய நினைவாற்றல், நடமாட்டம், ஊட்டம், பார்வை, செவித்திறன், மனச்சோர்வு ஆகிய ஆறையும் பார்க்கச் சொல்கிறது. கைகளைப் பயன்படுத்தாமல் 14 விநாடிக்குள் ஐந்து முறை எழுந்து உட்கார முடிகிறதா, மூன்று மாதத்தில் மூன்று கிலோவுக்கு மேல் எடை குறைந்ததா என்பன அதிலுள்ள கேள்விகள். பயிற்சி பெற்ற சுகாதாரத் தன்னார்வலரே இவற்றைக் கேட்டறியலாம். ஜப்பான் 2006 முதல் இதுபோன்ற 25 கேள்விப் பட்டியல் ஒன்றைப் பயன்படுத்தி வருகிறது.

கண்டறிவதோடு நின்றுவிட்டால் பயனில்லை. உடற்பயிற்சி, முதியோர் கீழே விழுவதை ஏறத்தாழ 23 சதவீதம் குறைப்பதாக 2019-இல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வு காட்டியது. பலன் தருவது இத்தகைய தொடர் கவனிப்புதான்.

எனவே நாங்கள் கோருபவை:

1. குறை தெரிந்தவருக்குப் பிசியோதெரபி, கண், காது, ஊட்டச்சத்து ஆலோசனை எங்கே கிடைக்கும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையம் முன்கூட்டியே வகுத்திருக்க வேண்டும்.

2. பரிசோதனை முடிவை நோய் முத்திரையாகக் கொள்ளக் கூடாது. காது மந்தத்துக்குக் காரணம் வெறும் குறும்பியாகவும் இருக்கலாம். மருத்துவரே உறுதிசெய்ய வேண்டும்.

3. முதியவரின் சம்மதம் பெற வேண்டும். முடிவை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். காப்பீட்டையோ வேலையையோ மறுக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

தொடர் சிகிச்சைக்கு ஆளும் நிதியும் ஒதுக்கிய பிறகே இந்தப் பரிசோதனையைத் தொடங்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறோம். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதுவரை காத்திருக்க வேண்டாம்: வீட்டிலுள்ள பெரியவரின் நடை தளர்ந்தாலோ எடை குறைந்தாலோ உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.