உறுதி இருக்கிறது; ஊர் எங்கே?

2025 ஏப்ரலில், 34 ஆண்டுகளுக்குப் பின்னர், வசாவிளான் – பலாலி வீதி மக்கள் பாவனைக்குத் திறக்கப்பட்டது. காலை 6 மணி முதல் மாலை 5 மணி வரை மட்டுமே செல்லலாம், இடையில் நிற்கக்கூடாது, படம் பிடிக்கக்கூடாது. அன்று விதிக்கப்பட்ட நிபந்தனைகள் இவை. சொந்த ஊரை நிற்காமல் கடந்து போகும் உரிமை மட்டும் அம்மக்களுக்குக் கிடைத்தது.

வலிகாமம் வடக்கு செம்பாட்டு மண். ஆறில்லாத குடாநாட்டில், சுண்ணக்கற்பாறையைத் தோண்டிய கிணறுகளை நம்பி வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைவித்த பூமி. 1990 ஜூன் நடுப்பகுதியில் அம்மக்கள் இடம்பெயர்ந்தனர். ஊர்கள் உயர் பாதுகாப்பு வலயமாயின. 2009இல் போர் முடிந்தும் நிலம் முழுமையாகத் திரும்பவில்லை. மாறாக, 2013இல் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் வந்தது. மக்கள் நீதிமன்றம் சென்றனர். 2015இன் ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் நிலம் மேலும் ஓரளவு விடுவிக்கப்பட்டது. அதுவும் துண்டு துண்டாக.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. விவசாயக் கிராமம் என்பது ஏக்கர்களின் கூட்டுத்தொகை அன்று. எங்கள் பழைய உறுதிகளில் காணியின் எல்லையோடு, கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரித்தும் எழுதப்பட்டிருக்கும். பலர் ஒரு கிணற்றில் முறை வைத்து இறைத்தனர். காணி முட்கம்பிக்கு வெளியேயும் கிணறு உள்ளேயும் இருந்தால், விடுவிப்பு கடதாசியில் மட்டுமே.

கனடாவின் சஸ்காச்சுவன் சமவெளியிலும் வெறிச்சோடிய குக்கிராமங்கள் உண்டு. பண்ணைகள் பெருத்து, தொடருந்துப் பாதைகள் மூடப்பட, மக்கள் மெல்ல மெல்ல வெளியேறினர். அது பொருளாதாரம். எங்களுடையது துப்பாக்கி. 1990இல் முப்பது வயதில் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போனவருக்கு இன்று அறுபத்தைந்து தாண்டிவிட்டது. முகாமில் பிறந்த அவருடைய பிள்ளைக்குப் பாத்தி கட்டிப் பழக ஒரு பரப்புக் காணியும் இருக்கவில்லை.

இராணுவம் எஞ்சிய காணியைக் கிணற்றோடும் ஒழுங்கையோடும் முழுமையாக விடவேண்டும். அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் சொல்லக் கசப்பான இன்னொன்றும் உண்டு. விடுவிக்கப்பட்ட காணிகளிலும் பற்றை மண்டிக் கிடப்பவை உள்ளன. உறுதி ரொறன்ரோவிலோ இலண்டனிலோ ஒரு பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது. அதேவேளை, செய்வதற்கு நிலமற்ற குடும்பங்கள் இங்கே கூலிக்குப் போகின்றன.

"பத்து ஆண்டு விட்டால் ஆட்சியுரிமை கோருவார்களே" என்று அஞ்சுவோர் இருக்கிறார்கள். அனுமதியோடு குத்தகைக்கு இருப்பவர், அந்த இருப்பைக் காட்டி உரிமை கோர முடியாது. நொத்தாரிசு முன் குத்தகை எழுதுங்கள். தொகை சிறிதாக இருக்கட்டும். கிணறு இறைபட வேண்டும், அதுவே முக்கியம்.

பற்றைக்காட்டைக் காட்டி, "இதற்கு உரிமையாளர் எங்கே?" என்று நாளை யாரும் கேட்கலாம். வெளிநாட்டிலிருக்கும் உறுதியைவிட, வெங்காயம் நிற்கும் தோட்டம் அதற்கு வலுவான பதில்.