பச்சை பெயிண்டுக்கு அடியில்

போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளுக்கு அப்பால், இடுக்கி மாவட்டத்தில், ஜீப் என்பது அலங்காரப் பொருளல்ல. மண்வெட்டி மாதிரி ஒரு தொழில் கருவி. ஏலத் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றுவது முதல் சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்குப் பயணிகளைக் கொண்டுபோவது வரை எல்லாம் அதுதான். பாலக்காடு பக்கம் நெல்லியாம்பதியின் கல் பாதைகளிலும் இதே கதை. அதனால் ஜீப்பின் எலும்பு வரை அறிந்த மெக்கானிக்குகள் எல்லையின் இருபுறமும் உண்டு. ஓடி ஓடித் தேய்ந்து, பாகங்கள் மாறிப்போன ஜீப்புகளும் உண்டு.

'மிலிட்டரி ஜீப் சார், அப்படியே ஒரிஜினல்' என்று காட்டப்படும் வண்டியில் வாங்க வருபவர் முதலில் மயங்குவது அந்த ஆலிவ் பச்சை நிறத்தில். சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது. மத்திய மோட்டார் வாகன விதி 121ன்படி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறெதற்கும் ஆலிவ் பச்சை பூசக் கூடாது. விற்பவர் பெருமையாகக் காட்டும் நிறம்தான் வாங்குபவரைச் சாலையில் நிறுத்தப்போகும் நிறம்.

அடுத்தது, வண்டி யாருடைய வாரிசு என்ற கேள்வி. இரண்டாம் உலகப் போருக்காக 1941-45ல் வில்லிஸ், ஃபோர்டு நிறுவனங்கள் செய்த ஜீப்புகள் ஆறு லட்சத்துக்கும் மேல். போருக்குப் பின் இந்தியாவில் மஹிந்திரா செய்தவை சிவிலியன் ரகம். இரண்டும் ஒரே குடும்பம் என்பதால் மாறுவேடம் எளிது. முன்புற கிரில்லில் ஒன்பது துளைகள் என்றால் போர்க்கால வடிவம். ஏழு என்றால் சிவிலியன். ஆனால் கிரில்லை மாற்றிவிட முடியும். பம்பருக்குப் பின்னால், ரேடியேட்டருக்குக் கீழே உள்ள குறுக்குச் சட்டத்தை மாற்றுவதுதான் கடினம். வில்லிஸில் அது உருண்டைக் குழாய். ஃபோர்டில் கவிழ்த்த 'ப' வடிவத் தகடு.

ஜோங்கா வேறு ஜாதி. நிஸ்ஸான் உரிமத்தில் ஜபல்பூர் ராணுவத் தொழிற்சாலை செய்தது. கிட்டத்தட்ட 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். உற்பத்தி 1999ல் நின்றது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் எஞ்சின் பொருத்தப்பட்டவை ஏராளம்.

பாடியைச் சோதிக்க ஒரு சின்னக் காந்தம் போதும். அது ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது. பிறகு தரையில் படுத்து, பிளேட் செட் மாட்டும் இடங்களில் சேசிஸில் விரிசலோ புது வெல்டிங்கோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

உண்மையைச் சொல்வது மலைதான். சமதளத்தில் எல்லா ஜீப்பும் நல்ல ஜீப். ஏற்றத்தில் 20 நிமிடம் ஓட்டினால் ரேடியேட்டரின் லட்சணமும், சூடேறிய எஞ்சினில் ஆயில் பிரஷர் நிற்கிறதா என்பதும் தெரியும். இறக்கத்தில் இரண்டாவது கியரில் ஆக்சிலரேட்டரை விட்டால் கியர் துள்ளி நியூட்ரலுக்கு வரக் கூடாது. வந்தால் கியர் பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. இறக்கம் முடிந்து மீண்டும் மிதிக்கும்போது நீலப் புகை வந்தால் எஞ்சின் ஆயில் குடிக்கிறது. போர்க்கால ஜீப்பின் நான்கு சக்கர பிரேக்குக்கும் ஒரே ஆயில் லைன். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் போகும். வளைவில் அது உயிர்ப் பிரச்னை.

எஞ்சின் மாற்றம் இப்போது சட்டப் பிரச்னையும்கூட. கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில், தயாரிப்பாளரின் மூல விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்தது. 2021ல் வந்த விண்டேஜ் விதிகளும் அதே திசையில்தான். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, சேசிஸ், பாடி, எஞ்சின் பெரிய மாற்றமின்றி இருந்தால் 20,000 ரூபாய் கட்டணத்தில் 'விஏ' என்ற எழுத்துகளுடன் தனி எண். அந்த எண்ணோடு கண்காட்சிக்கும் பேரணிக்கும் போகலாம். அன்றாடம் ஓட்டக் கூடாது, சம்பாதிக்கவும் கூடாது. கொழுக்குமலை டிரிப் அடித்து முதலை எடுத்துவிடலாம் என்று கணக்குப் போடுபவர் இங்கேயே நின்றுவிடுவது நல்லது.

கடைசியாகக் காகிதம். ராணுவ ஏலத்தில் வந்த வண்டியென்றால் ஏல ஆவணம் கையில் இருக்க வேண்டும். எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர கேரள ஆர்.டி.ஓ.வின் தடையில்லாச் சான்று வேண்டும். ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேசிஸ், எஞ்சின் எண்களை வண்டியில் உள்ளவற்றோடு பென்சில் பிரிண்ட் எடுத்து ஒப்பிட்ட பிறகுதான் அட்வான்ஸ்.

பெயிண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம். சேசிஸ் எண்ணை அப்படி அடிக்க முடியாது. அடிக்கப்பட்டிருந்தால் அது பழைய ஜீப் அல்ல, புதிய வழக்கு.