மணமில்லாத வாயு

கடலுக்கு அடியில் எரிமலை வெடித்தால் தண்ணீர் நெருப்பை அணைத்துவிடும், அத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கிறோம். நெருப்பு அடங்கலாம். வாயு அடங்காது.

எரிமலைக் குழம்பில் கரியமில வாயுவும் கந்தக வாயுக்களும் கலந்திருக்கும். குழம்பு மேலே வரும்போது அழுத்தம் குறைகிறது. ஹண்ட்ரட் பிளஸ் டின்னைத் திறந்ததும் நுரை பொங்குவதைப் போல, வாயு பிரிந்து கடல்நீரில் கரைகிறது. கரியமில வாயு நீரோடு சேர்ந்தால் அமிலமாகும். கந்தக வாயுக்கள் நீரிலுள்ள உயிர்வாயுவைக் குறைக்கும்.

இதை நேரில் கண்டவர்கள் ஸ்பெயினுக்குச் சொந்தமான எல் ஹியெரோ தீவு மக்கள். 2011 அக்டோபரில், லா ரெஸ்திங்கா என்ற மீனவக் கிராமத்திற்கு அருகே கடலடியில் எரிமலை வெடித்தது. கடல் பச்சை நிறமானது, கந்தக நெடி வீசியது, மீன்கள் செத்து மிதந்தன. மக்கள் வெளியேற்றப்பட்டார்கள், மீன்பிடித் தொழில் நின்றுபோனது. 2012 மார்ச்சில் எரிமலை ஓய்ந்தது. பிறகு மீன்கள் மெல்லத் திரும்பின.

நம் மலாக்கா நீரிணையில் எரிமலை இல்லை. ஆனால் கரியமில வாயு இருக்கிறது. நிலத்திலும் கடலிலும் உள்ள எரிமலைகள் எல்லாம் சேர்ந்து ஓராண்டில் வெளியிடும் கரியமில வாயு, மனிதர்கள் வெளியிடுவதில் ஒரு விழுக்காடுகூட இல்லை. நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய கால்பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. தொழிற்புரட்சிக்குப் பிறகு கடல் மேற்பரப்பின் அமிலத்தன்மை சுமார் 30 விழுக்காடு கூடியிருக்கிறது. சிப்பி, கெராங் போன்றவை ஓடு கட்டுவதற்கு இது இடைஞ்சல்.

2018-இல் எங்கள் ஜெஞ்சாரோமில் சட்டவிரோத ஆலைகள் பிளாஸ்டிக் கழிவை எரித்தபோது, நெடி தாங்காமல் மக்கள் புகார் செய்தார்கள். பல ஆலைகள் மூடப்பட்டன. மூக்கு எச்சரித்தது, ஊர் விழித்தது. கார்களும் மின் நிலையங்களும் விடும் கரியமில வாயுவுக்கு மணமில்லை, நிறமில்லை. அதனால்தான் யாரும் புகார் செய்வதில்லை.

எல் ஹியெரோவில் எரிமலை ஐந்து மாதங்களில் ஓய்ந்தது. கடலுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. நாம் இன்னும் ஓயவில்லை. தஞ்சோங் சிப்பாட்டில் குடும்பத்தோடு மீன் சாப்பிடப் போகும்போது, பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கையும் கொஞ்சம் சொல்லுங்கள்.